கடல் தரும் மணல் வேறு, மேட்டு மணல் வேறு

ஆசிரியர் அவர்கட்கு,

“புல்மோட்டைக் கரையில் கனிய மணலை எவ்வளவு அள்ளினாலும் மாரியில் கடல் திரும்பக் கொண்டுவந்து போடும்” என்ற பேச்சு திருகோணமலையில் இன்றும் அடிபடுகிறது. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவான காலம் முதல் அந்தத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த ஊர் புல்மோட்டை. அந்த ஊரை இந்தப் பாதி உண்மை கெடுத்துவிடக் கூடாது.

அலைவாய்க்கரையைப் பொறுத்தவரை பேச்சு சரிதான். நீரோடு ஒப்பிட்டால் வெண்மணலின் அடர்த்தி 2.65 மடங்கு, இல்மனைற் என்ற கறுப்புக் கனியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4.7 மடங்கு. வாடைக் காலத்து அலை இரண்டையும் சேர்த்தே ஏற்றுகிறது. திரும்பும்போது பாரம் குறைந்ததை இழுத்துக்கொண்டு, கனத்ததை விட்டுவிட்டுப் போகிறது. கரையில் தெரியும் கறுப்புப் பட்டை அதுதான். வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி, நன்றாகக் காய்ந்த கறுப்பு மணலில் கிளறிப் பாருங்கள். இல்மனைற் பை முழுதும் அப்பிக்கொள்ளும். காந்தத்தை உருவினால் பொலபொலவென உதிரும். ஒட்டாமல் மிஞ்சுவதில்தான் ரூற்றைல், சிர்க்கோன் என்ற மற்ற இரு கனியங்களும் கிடக்கும். ரூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்தே அவற்றைப் பிரிக்கிறார்கள். மணிகளில் உப்பு படிந்திருந்தால் அந்த வேறுபாடு மங்கி, பிரிப்பு கெட்டுவிடும். அதனால்தான் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டியிருக்கிறது.

ஆனால் கரைக்குப் பின்னால் நிற்கும் மணல்மேடு நெடுங்காலமாகக் காற்று குவித்தது. ஒரு மாரியில் அது திரும்பி வராது. அதன் வயிற்றில் மழைநீர் தங்குகிறது. மணலில் தோண்டும் பூவலிலும் கிணற்றிலும் ஊறுவது அந்த நீர்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உவர் அண்டாது. மேட்டை வெட்டி நீர்மட்டம் ஓரடி இறங்கினால், கீழிருந்து உவர் சுமார் 40 அடி மேலேறும். கிணறு உவர்த்த பிறகு பெரிய மோட்டார் வைத்து இறைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

வெட்டியே ஆக வேண்டுமென்றால், வேரும் விதையும் கிடக்கும் மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே குவிக்க வேண்டும். கனியம் பிரித்த வெண்மணலைக் குழியிலேயே கொட்டி, பழைய உயரத்துக்கு நிரப்பி, அந்த மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் ஐப்பசி மழையோடு நட வேண்டும். ஆனியில் நட்டால் கச்சான் காற்று கருக்கிவிடும். சவுக்கு மட்டும் போதாது. அதன் சருகு மூடிய இடத்தில் மணலைப் பிடிக்கும் கொடி படராது. அலைவாய்க் குழிகளையும் வாடை ஓய்ந்ததும் மட்டப்படுத்திவிட வேண்டும், அங்கேதான் கரைவலை இழுக்கிறார்கள்.

ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவரையும் வெட்டுவதற்கு முன்பே அளந்து, பிறகு மாதந்தோறும் அளந்து, குச்சவெளிப் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
திருகோணமலை.