ரொட்டியும் துடைப்பக் கட்டையும்

மலருக்கு,

'ட்செபாங்' நாடகத்தில் குழந்தைக்கு நேரும் பாலியல் வன்கொடுமைக் காட்சியை மேடையில் காட்டலாமா, உள்ளே தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடு. கொடுமை நடந்து முடிந்த பிறகு அதன் பாரம் யார் முதுகில் இருக்கிறது?

நைஜீரிய எழுத்தாளர் சோயின்காவின் 'தி லயன் அண்ட் த ஜூவல்' நாடகத்தை எடுத்துக்கொள். அந்நாட்டு இபாதான் நகரில் 1959-ல் மேடையேறியது. கிழவன் பரோக்கா தனக்கு ஆண்மை போய்விட்டதாகப் பொய் சொல்கிறான். அவனைக் கேலி செய்யப் போகிறாள் இளம்பெண் சிடி. அவளுக்கு நேர்வது உள்ளேதான் நேர்கிறது, நாம் எதையும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் நமக்குக் கிடைப்பது சந்தையும் முகமூடி ஆட்டமும். சிடி அழுதுகொண்டு திரும்பி வரும்போது நாம் சிரித்து முடித்திருக்கிறோம். கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள், கொட்டு முழங்குகிறது. பெண்ணியர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. மறைத்தால் நாகரிகம் என்று யார் சொன்னது?

நீ எடுத்திருக்கும் 'ட்செபாங்' இதற்கு நேரெதிர். தென்னாப்பிரிக்காவில் அப்பிங்டன் அருகே 2001-ல் ஒன்பது மாதக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை வைத்து லாரா ஃபுட் 2003-ல் மேடையேற்றியது. முதலில் ஆறு பேரைப் பிடித்தார்கள். அவர்கள் இல்லை என்று மரபணுச் சோதனை சொன்னது. பிறகு ஒருவனுக்கு ஆயுள் தண்டனை. நாடகத்தில் இரண்டே பேர். சைமன் கதை சொல்கிறான், தாய் ரூத் கடைசி வரை பேசுவதில்லை. அவள் முதுகில் ஒரு சின்னக் கட்டில், பக்கத்தில் அவள் தேய்த்துக்கொண்டே இருக்கும் உப்பு. அந்தக் காட்சி நம் கண்முன்னேயேதான் நடக்கிறது. ஆனால் உடல் கிடையாது, அதன் இடத்தில் ரொட்டியும் துடைப்பக் கட்டையும்தான். குற்றவாளி சிறுவனாக இருந்தபோது அடி வாங்கியதும் துடைப்பத்தால்தான் என்று முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. அவனை மன்னிக்கச் சொல்லி அல்ல. ஊரே அந்தக் கட்டையைப் பிடித்திருந்தது என்று சொல்ல.

இனி வேலைக்கு வா.

நம்மூர் விளக்குமாறு வேண்டாம். அதைத் தூக்கினாலே இங்கே 'விளக்குமாத்தால அடி' நினைவுக்கு வந்து பின்வரிசை சிரித்துவிடும். நீளமான மரக்காம்பு வைத்ததை வாங்கு.

துண்டு போட்ட ரொட்டி முதல் குத்திலேயே விழுந்து பிரிந்துவிடும். வெட்டாத முழு ரொட்டியாக, முந்தைய நாள் சுட்டதாகக் கேட்டு வாங்கு, புதுசு பிய்ந்துபோகும். நிறுத்தி நிறுத்தித்தான் ஒத்திகை நடக்கும், ஒவ்வொரு முறைக்கும் ஒன்று என்று கணக்கு வை. நடிகர் வேகமாகச் செய்யப் பார்ப்பார், சங்கடத்தில் எல்லோரும் அப்படித்தான். விடாதே. நிதானமாக, எண்ணி, எத்தனை அசைவு என்று முடிவு செய்துகொண்டு செய்யட்டும். ஒத்திகைக் கூடத்தில் கைபேசி எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு.

தூள் உப்பு மேடையில் வழுக்கும், மழைக்காலத்தில் கட்டிப்போகும். கல் உப்பு நறநறவென்று கேட்கும். பேசாத பெண்ணுக்கு அந்தச் சத்தம்தான் வசனம். தேய்த்துத் தேய்த்து விரல் வெடிக்கும்; முன்னதாகத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல், காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

கட்டிலை மூங்கிலில் கட்டு, இரண்டு கிலோவைத் தாண்டாமல். தோள்பட்டையில் மட்டும் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் கை மரத்துவிடும். இடுப்பிலும் ஒரு பட்டை வேண்டும். கடைசி வாரத்தில் கட்டிக்கொண்டால் அவள் சுமப்பதுபோல் நடிப்பாள். முதல் வாரத்திலிருந்தே கட்டியிருந்தால் நடை தானாக மாறிவிடும்.

கூட்டமாகப் பெண்கள் எதிர்த்து நிற்பதை அடுத்த வருஷம் செய்ய ஆசை என்றாயே, அதற்கு நைஜீரியாவின் இக்போ இனப் பெண்களின் பழைய பழக்கத்தைப் படி. மனைவியை அடிப்பவன் வீட்டு முற்றத்துக்கு எல்லோரும் போய் அவன் குற்றத்தைப் பாட்டாகப் பாடி ஆடுவார்கள், உலக்கையால் சுவரில் இடிப்பார்கள், சில நேரம் கூரையையும் பிரிப்பார்கள். 1929-ல் வெள்ளைக்கார அரசுக்கு எதிராகவும் அதையே செய்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை அரசு சுட்டுக் கொன்றது. அதற்குப் பெரிய கூட்டம் வேண்டும், இப்போது உன்னிடம் இருப்பது இரண்டு பேர்.

ரூத் கடைசியில் சொல்லும் ஒரே சொல் குழந்தையின் பெயர். அதை ஒத்திகையில் அடிக்கடி சொல்லவிடாதே. சோர்ந்துபோன சொல்லாகிவிடும்.

கட்டில் தயாரானதும் எடை போட்டுச் சொல்.

அம்மா