பிரையான் நோய்: எம்.ஆர்.ஐ.யில் எதைப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களிலேயே மறதி முற்றி, நடை தள்ளாடி, கைகால்கள் வெடுக்வெடுக்கென்று இழுத்தால் சி.டி. ஸ்கேனோடு நிறுத்தக் கூடாது. உருக்குலைந்த புரதங்களால் மூளை வேகமாகச் சிதையும் பிரையான் நோயில் சி.டி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில், திசுக்களில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படங்களே முக்கியம். நோயாளி அசைவார் என்பதால் அவற்றை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. அவற்றில் மூளையின் மேலடுக்கான புறணியின் மடிப்புகள் நெடுக நாடா ஒட்டியதுபோல் வெளுத்திருக்கும். மூளையின் ஆழத்திலுள்ள காடேட், புட்டாமென் பகுதிகளும் வெளுக்கலாம். ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இவை மங்கல்தான். சிலருக்குத் தெரிவதே இல்லை.

ஆனால், வெளுத்ததெல்லாம் பிரையான் அல்ல. புறணியின் இன்சுலா, சிங்குலேட் பகுதிகள் இயல்பிலேயே சற்று வெளுத்துத் தெரியும். அதே இடம், டிஃப்யூஷன் தரவிலிருந்து கணக்கிடும் ஏ.டி.சி. படத்தில் கறுத்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்; கறுத்திருந்தால் நோயின் சந்தேகம் வலுக்கும். (அறிக்கைகளில் அடிக்கடி விடுபடுவது இந்த ஒப்பீடுதான்.) ஓயாத வலிப்பு, சர்க்கரைத் தாழ்வு, ஆக்சிஜன் குறைவு ஆகியவையும் இதே தோற்றம் தரும். வலிப்பால் வந்த வெளுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். பிரையானில் நீடிக்கும், பரவும். சந்தேகமிருந்தால் மறுபடி ஸ்கேன் எடுக்கலாம்.

ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை மூளைத் திசு ஏற்றுப் படத்தில் பளிச்சிட்டால், பிரையான் என்று முடிவுகட்டாமல் வேறு காரணம் தேட வேண்டும். உடலின் நோயெதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும், குணப்படுத்தக்கூடிய தன்னெதிர்ப்பு மூளையழற்சியாகவும் அது இருக்கலாம்.

– நரம்பியல் கதிரியக்க மருத்துவர்கள் சிலர்