துடிப்பு குறைந்து போகுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொருவர் இதயமும் வாழ்நாளில் இத்தனை முறைதான் துடிக்கும் என்பது விதி, ஆகவே ஓடியாடி மூச்சு வாங்கினால் அந்த இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கும்போது வேதனையாக இருக்கிறது. இதை நம்பி நடைப்பயிற்சியைக்கூடக் கைவிடுகிறவர்கள் இருப்பதால்தான் இக்கடிதம்.

அவர்கள் வழியிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வில் நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயம், தினமும் அரை மணி நேர வேகநடையில் 125 முறை துடிக்கிறது என்று கொண்டால், கூடுதல் செலவு 1,500 துடிப்பு. தொடர்ந்த பயிற்சியால் ஓய்வுநேரத் துடிப்பு ஐந்தே ஐந்து குறைந்து 70 ஆனாலும், எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரத்தில் மிச்சமாவது 7,050.

இந்த மிச்சம் எப்படி வருகிறது? ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. பயிற்சி பெற்ற இதயத்தின் இடது கீழறை கூடுதலாக நிரம்பி, ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், அதே 5 லிட்டருக்குக் குறைந்த துடிப்புகளே போதும். நெடுந்தூர ஓட்ட வீரர்கள் சிலருக்கு ஓய்வில் நாடி 40-ஐ ஒட்டி இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று: இதயம் சுருங்கும்போது அதன் தசைக்குள் செல்லும் ரத்தக்குழாய்களும் நெரிபடுவதால், இடது கீழறைத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் அது தளர்ந்திருக்கும் வேளையில்தான் கிடைக்கிறது, துடிப்பு நிதானமானால் அந்த வேளை நீள்கிறது.

இதற்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். ஓடி முடித்ததும் சட்டென்று நிற்பது மட்டும் வேண்டாம். கால் ரத்தத்தை மேலே ஏற்றிவிடும் கெண்டைக்கால் தசைகளின் இயக்கம் திடீரென நின்றால் ரத்தம் கீழே தேங்கித் தலைசுற்றல் வரலாம் என்பதால், சில நிமிடங்கள் மெதுவாக நடந்து ஓய வேண்டும். நெஞ்சுவலி உள்ளவர்களும், துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்று கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் அம்மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொருந்தாது.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் நாடி பார்க்கும் முறையைப் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து 30 வினாடி எண்ணி இரட்டித்துக் குறித்து வந்தால், சில மாதங்களில் தங்கள் இதயத்தில் நேர்ந்த மாற்றத்தை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்