தண்டலுக்கு ஒரு கால்குலேட்டர்: இலவச வெப் டூல் செய்கிறவர்களுக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மடல்

தம்பிகளே, தங்கைகளே, வணக்கம்.

பகலெல்லாம் கம்பெனிக்கு வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் சொந்த ஆசைக்கு ஒரு டூல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் சும்மா போட்டுவிடுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நான் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். கடை ஓடுவதில் பாதி உங்கள் புண்ணியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ஒரு குறையும், தண்டல் கடனுக்கு ஒரு கால்குலேட்டர் வேண்டும் என்கிற கோரிக்கையும் வருகிறது.

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குப் போட்டோ 20லிருந்து 50 கேபிக்குள் வேண்டும், கையெழுத்து 10லிருந்து 20 கேபிக்குள். பையன் கொண்டுவருவது போனில் எடுத்த 4 எம்பி படம். அதுவும் கடைசித் தேதி அன்றைக்குச் சாயங்காலம், வாசலில் நாலு பேர் நிற்கும்போது. உங்கள் வெப் பக்கத்தில் படத்தை இழுத்துப் போட்டு, குமிழை நகர்த்தினால் கேபி இறங்குவது கண்ணெதிரே தெரிகிறது. 48 வந்ததும் நிறுத்துகிறேன். அதே மாதிரி, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு எழுத்துக்கு அரசாங்கமே 2010இல் வந்துவிட்டது. இருந்தும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த சங்க நோட்டீஸைப் பென் டிரைவில் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துரு மாற்றி இல்லை என்றால் அதை நான் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

இனி குறை. ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்லி ஒரு அம்மா வந்தார். ஏதோ ஒரு பக்கத்தில் ஏற்றினேன். பெரிதாகப் பச்சை பட்டன் தெரிந்தது, அழுத்தினேன், வேறு என்னவோ இறங்கியது. உண்மையான பட்டன் கீழே, சாம்பல் நிறத்தில், சின்னதாக ஒளிந்திருந்தது. அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார்: "அப்போ என் ஆதார் இப்ப எங்கப்பா இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புது டூல் எது வந்தாலும், பக்கம் திறந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டு நாய்க்குட்டி படம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பேன். நெட் இல்லாமலும் வேலை முடிந்தால், அந்த வேலை என் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. கூகுள் குரோம் ஆட்கள் 2018இல் வெளியிட்ட ஸ்க்வூஷ் என்கிற படம் சுருக்கும் டூல் அப்படித்தான், படம் பிரவுசரை விட்டு வெளியே போவதில்லை. ரெண்டு பி.டி.எஃப்.பை ஒட்டுவதற்கும் பிரவுசரே போதும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படிச் செய்தவர்கள் அதை மேலேயே ஒரு வரி தமிழில் எழுதிவையுங்கள். சொந்தத் தமிழில். மிஷின் பெயர்த்த தமிழில் ஒரு பக்கத்தைத் திறந்தேன், படத்தை வெட்டுகிற கிராப் பட்டன் மேல், வயலில் விளைகிற 'பயிர்' என்று இருந்தது.

சரி, நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கடன் இ.எம்.ஐ. கணக்குப் போட நூறு டூல் இருக்கிறது. இந்தத் தெருவில் அதைத் தேடுகிறவர் வருஷத்துக்கு ரெண்டு பேர். இங்கே கடன் என்றால் தண்டல். 10,000 ரூபாய்க்குக் கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். வண்டியில் வருவார்கள், வாங்குவார்கள், அட்டையில் குறிப்பார்கள், போவார்கள். 2003இல் வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல் என்கிற சொல் இருக்கிறது. இருந்தும் அந்த அட்டை இன்னும் போகவில்லை.

கடை வாசலில் பூ விற்கிற அக்கா ஒருநாள் அந்த அட்டையை என் மேஜையில் வைத்து, "இது எத்தனை வட்டி பார்த்துச் சொல்லு" என்றார். அவர் கணக்கு அஞ்சு வட்டி, அதாவது மாசம் நூத்துக்கு அஞ்சு: நூற்றுக்குப் பதினைந்து, மூன்று மாதத்துக்கு. நானும் அப்படித்தான் நினைத்தேன். எக்செல்லில் ஒவ்வொரு நாளாகப் போட்டபோது கிட்டத்தட்ட பத்து வட்டி வந்தது. வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம். காரணம் சிக்கலானது இல்லை. 8,500 முழுசாக ஒருநாள்தான் அவரிடம் இருக்கிறது. மறுநாளே 100 திரும்பப் போகிறது. நூறு நாளில் பாதி போனபின் பாதிக் கடன்கூடக் கையில் இல்லை, ஆனால் வட்டி மொத்தத்துக்கும் முதல் நாளே பிடித்தாகிவிட்டது.

பத்து வட்டி என்றதும் அக்கா சிரித்தார். "பத்து வட்டிக்கு நான் வாங்கவே மாட்டேனே!" அப்புறம் கொஞ்சம் யோசித்து, "விடிகாலைல பூ எடுக்கக் காசு வேணும். நகையை வைக்கலாம்னா அந்நேரம் அடகுக்கடை திறந்திருக்குமா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆனால் அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் என் எக்செல் மாட்டிக்கொண்டது. "தினம் கொஞ்சம் கூடப் போட்டு எண்பது நாள்லயே முடிச்சுட்டா?" அன்றைக்கு ராத்திரி கடை மூடிய பிறகு உட்கார்ந்து போட்டேன். பிடித்த 1,500இல் ஒரு பைசா திரும்பாது என்பதால், தினம் 125 கட்டி 80 நாளில் முடித்தால் வட்டி பன்னிரண்டுக்கு மேல் போகிறது. சீக்கிரம் அடைக்கிறவருக்குத்தான் கூடுதல் வட்டி! எனக்கே நம்பிக்கை வராமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

இதை நான் வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. நீங்கள் செய்கிற மாதிரி ஒரு குமிழை நகர்த்தி, நாள் குறையக் குறைய வட்டி ஏறுவதை அவரே பார்க்க வேண்டும். கேட்க வேண்டியது நாலே நாலு: எவ்வளவு எழுதினார்கள், எவ்வளவு கையில் வந்தது, தினம் எவ்வளவு, எத்தனை நாள். விடை சதவீதத்தில் வேண்டாம், 'மாசம் நூத்துக்கு இவ்வளவு' என்று வர வேண்டும். பக்கத்திலேயே, நகையை அடகு வைத்தால் வட்டி எவ்வளவு என்றும் வர வேண்டும், நகை எடையைச் சவரனிலும் கிராமிலும் போடலாம். பாதியில் புது அட்டை போட்டுப் பழைய பாக்கியைக் கழித்துக்கொள்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது, அதற்கும் இடம் விடுங்கள். பெயர், போன் நம்பர் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் ஒருத்தரும் தொட மாட்டார்கள். விரிசல் விட்ட பழைய போனிலும் திறக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு எக்செல் பைலும், கணக்கு தெரிந்த நாலைந்து அக்காக்களும். செய்கிறேன் என்கிறவர் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்காருங்கள். அக்கா பூக்கூடையோடு வாசலில்தான் இருப்பார், அட்டை அவர் சுருக்குப்பையில் இருக்கிறது. டூல் தயாரானதும் அதன் க்யூஆர் கோடைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வாசலில் ஒட்டுகிறேன். பிரிண்டுக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
தண்டையார்பேட்டை