பொகொட மரப்பாலத்தின் கூரைக்குக் கை கொடுங்கள்

அன்புடையீர்,

பதுளையிலிருந்து சுமார் 13 கிலோமீற்றர் தள்ளி, ஹாலி-எல பக்கம், கல்லந்த ஓயாவின் மேல் ஓட்டுக்கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று இன்றும் நிற்கிறது. நீளம் ஏறத்தாழ 50 அடி, அகலம் 6 அடி. தலைச்சுமையோடு இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கொஞ்சம் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் கட்டியது என்கிறார்கள். பதுளைக்கும் கண்டிக்கும் இடையே மக்கள் நடந்துபோன பழைய வழி இது. பக்கத்திலுள்ள விகாரை இன்னும் மூத்தது. அங்கே பாறையில் பிராமி எழுத்துகளைப் பார்க்கலாம்.

பாலத்தில் பெரும்பாலும் பலாவும் மருதும். மருது தண்ணீரோரம் வளர்கிற மரம், ஈரத்துக்கு இலேசில் மசியாது. பலாவைப் பற்றி நம் ஊராருக்குச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் எந்த மரமும் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடந்தால் உளுத்துத்தான் போகும். அதை அறிந்துதான் அந்தக் காலத்துத் தச்சர்கள் பாலத்துக்கு ஒரு வீட்டைப்போலக் கூரை போட்டார்கள். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தது அதோடு வந்த புண்ணியம்.

ஓர் ஓடு நழுவினால் என்ன ஆகும்? சொட்டு ஒரே இடத்தில் விழும். முதல் மழையில் பலகையில் உள்ளங்கையளவு கறுப்புத் திட்டு. அடுத்த மாரியில் அதே இடத்தில் வெள்ளைப் பூஞ்சணம். அப்புறம் நகத்தால் அழுத்தினாலே, தேநீரில் தோய்த்த ரஸ்க் மாதிரி உள்ளே போகும். ஓட்டை மாற்ற அரை நாள் போதும். உளுத்த உத்தரத்தை மாற்ற, அதே பருமனில் முற்றின மரத்துக்கு எங்கே போவது?

இது பாதுகாக்கப்பட வேண்டிய தொல்பொருள். அதனால் மரத்தில் கை வைக்கும் எந்த வேலையையும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி பெற்று, அவர்கள் மேற்பார்வையில்தான் செய்வோம். இப்போது உங்களிடம் கேட்பது ஓட்டுக்கும், சாரம் கட்டவும், பழைய வேலை தெரிந்த தச்சரின் கூலிக்கும்தான். பணம் மிஞ்சினால் கரையில் மழைநீர் தூண் அடியில் தேங்காமல் ஓட ஒரு கான் வெட்டுவோம். அதுவும் அவசியமான வேலை.

எவ்வளவு சிறிய தொகையானாலும் பற்றுச்சீட்டுத் தருவோம். வரவு செலவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டுவோம். பணம் தர முடியாதவர்கள் சிரமதானத்துக்கு வாருங்கள். கூரையில் விழும் இலைகுழையைக் கூட்டி இறக்கவே நிறையக் கை வேண்டும். பழைய வீட்டை இடித்துத் தகரம் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: பழைய ஓடுகளை உடைத்துப் பள்ளத்தில் கொட்டிவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கனமும் அளவும் புது ஓட்டில் கிடைப்பதில்லை.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாசி பிடித்த கூரையில் ஆளை ஏற்ற முடியாது. ஆகவே உங்கள் நன்கொடையைப் புரட்டாசிக்குள் தந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாலப் பராமரிப்புக் குழுவினர்