கிதாரை விட்டுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கப் பாடகர் க்ளென் கேம்ப்பெல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுத ஒருவர் கிடைத்ததே பெரிது, அதற்கு நன்றி. ஆனால் நல்ல குரலும் சினிமா முகமும் வாய்த்த பாடகர் என்ற அளவிலேயே கட்டுரையாளர் அவரை முடித்துவிட்டார். கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டு வகையில் தொடங்கி, 'கன்ட்ரியிலிருந்து பாப்புக்குத் தாவியவர்' என்று வேறு எழுதுகிறார். அவர் எங்கும் தாவவில்லை. பாடகராகப் பெயர் வாங்குவதற்கு வெகு முன்பே பாப் பாட்டுகளுக்குக் கூலிக்குக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

1936-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பில்ஸ்டவுனில், அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். அப்பா வாங்கித் தந்த ஐந்து டாலர் கிதாரில் விரல் பழகியவர், 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் 'ரெக்கிங் க்ரூ' என்று பேர்பெற்ற ஸ்டூடியோ வாத்தியக்காரர்களில் ஒருவரானார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, காதுதான் எல்லாம். ஃபிராங்க் சினாட்ரா, எல்விஸ் பிரெஸ்லி, பீச் பாய்ஸ் என்று யார் யாருடைய இசைத்தட்டுகளிலோ அவர் கிதார் இருக்கிறது. உறையில் பெயர் இருக்காது. 1964 கடைசியில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனால் கச்சேரிப் பயணம் போக முடியாமல் போனபோது, அவர் இடத்தில் நின்று பேஸ் கிதார் வாசித்து, அவருடைய உச்சக்குரலையும் பாடிவிட்டு வந்தார்.

இது தெரிந்தால்தான் 1968-இல் வந்த 'விசிட்டா லைன்மேன்' பாட்டின் நடுப்பகுதி புரியும். கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துபோகிறது. பாட்டை எழுதிய ஜிம்மி வெப் அதை முடிக்காமலேயே அனுப்பியிருந்தார், இன்னொரு சரணம் எழுதுவதாக எண்ணம். கேம்ப்பெல் காத்திருக்கவில்லை. ரெக்கிங் க்ரூவின் கேரல் கே வைத்திருந்த ஆறு தந்தி டேன்எலெக்ட்ரோ பேஸ் கிதாரை வாங்கி, சரணம் இல்லாத இடத்தில் மெட்டை அதிலேயே வாசித்துவிட்டார். கம்பி வேலைக்காகக் கம்பத்தின் மேல் தனியாக நிற்கும் தொழிலாளியின் பாட்டு அது. அங்கே இன்னும் நாலு வரி வந்திருந்தால் அவ்வளவு தனிமை வந்திருக்காது என்பது என் எண்ணம். வெறும் பாடகராக இருந்திருந்தால் வெப்புக்குப் போன் போட்டு வரி கேட்டிருப்பார்.

விருதுகளிலும் இதே கதைதான். 1968 கிராமி விழாவில் ஒரே இரவில் கன்ட்ரிப் பிரிவிலும் பாப் பிரிவிலுமாக நான்கு வாங்கினார். கட்டுரையாளர் விரிவாகச் சொல்லும் 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' 1975-இல் இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்தது உண்மைதான். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை, அது ரசனை விஷயம். குடி, கொக்கெய்ன், நான்கு திருமணங்கள் எல்லாவற்றையும் மூடி மறைக்காமல் எழுதியது நல்லது. 2003-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டது ஃபீனிக்ஸில். அவரைத் தூக்கிவிட்ட 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' என்ற பாட்டிலும் அந்த ஊர்ப் பெயர்தான்!

கடைசிக் காலத்தைக் கட்டுரை பரிதாபமாக மட்டும் பார்க்கிறது. 2011-இல் அல்சைமர் என்று வெளியில் சொல்லிவிட்டுத்தான் விடைபெறும் பயணம் கிளம்பினார், 151 நிகழ்ச்சிகள். மூன்று பிள்ளைகள் கூடவே வாசித்தார்கள். பாட்டு வரிகளைத் திரையில் பார்த்துப் பாட வேண்டியிருந்தது. கிதார் தனி வாசிப்புக்கு அப்படி ஒரு உதவியும் தேவைப்படவில்லை. அந்த வீடியோக்கள் இன்றும் கிடைக்கின்றன, கட்டுரையாளர் ஒருமுறை பார்க்கட்டும். 2013-இல் பதிவான அவருடைய கடைசிப் பாட்டுக்கு ரெக்கிங் க்ரூவின் பழைய கூட்டாளிகள் சிலரே வந்து வாசித்தார்கள். 2017 ஆகஸ்டில் நாஷ்வில்லில் காலமானார்.

அடுத்து யாரையாவது பற்றி எழுதுவதாக இருந்தால், கேரல் கே பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.