எட்டாம் வகுப்பு நாடகம் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அறிவியல் தினத்தன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் நாடகத்தைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். தொழில் தொடங்கிச் சொத்தையெல்லாம் தொலைத்த ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் கதை பிள்ளைகளுக்கு எதற்கு? நியாயமான கேள்விதான்.

ஆர்ச்சிபால்ட் காக்ரேன் 1748-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். பதினாறு வயதில் குதிரைப்படையில் இளநிலை அதிகாரி, அப்புறம் கொஞ்ச காலம் கடற்படை. 1778-ல் தந்தை இறந்ததும் டண்டொனால்டு பிரபு என்ற பட்டம் வந்தது. கையில் காசு இல்லை. கூரஸ் என்ற ஊரில் இருந்த நிலக்கரியை நம்பித்தான் இறங்கினார்.

நிலக்கரியை அதிகம் காற்றுப் படாமல் சூடாக்கினால் கல்கரி, கரித்தார், வாயு கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தத் தாரைத் தொழிலாக்கப் பார்த்தவர் இவர். சூளைப் புகையைக் குளிரவைத்துத் தார் எடுக்கும் முறைக்கு 1781-ல் காப்புரிமை பெற்றார். மரக்கப்பலின் அடியைத் துளைக்கும் கடற்புழு தார் பூசினால் அண்டாது என்பது அவர் கணக்கு. நாடாளுமன்றமே 1785-ல் அந்த உரிமையை 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஆனால் கடற்படை கப்பலடியில் செம்புத் தகடு அடிக்கும் முறைக்குப் போய்விட்டது. தனியார் கப்பல் கட்டுபவர் ஒருவரோ, புழு அரித்தால்தானே எங்களுக்குப் பழுதுபார்க்கும் வேலை வரும் என்றாராம். ஒத்திகையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது இந்த இடத்தில்தான்.

எனக்குப் பிடித்த காட்சி வேறு. சூளையிலிருந்து வரும் வாயுவை ஒரு துப்பாக்கிக் குழல் வழியே விட்டுக் கொளுத்துகிறார். ஊரை ஒட்டிய கழிமுகத்தின் அக்கரை வரை வெளிச்சம் தெரிந்ததாக அவர் மகன் பின்னாளில் எழுதினார். மனிதர் அதை வேடிக்கையாகவே விட்டுவிட்டுத் தாருக்குத் திரும்பிவிட்டார்! 1792-ல் வில்லியம் மர்டாக் என்ற பொறியாளர் அதே வகை வாயுவால் தன் வீட்டில் விளக்கேற்றினார். நம்மவர் 1831-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார். பாடத்தில் வரும் மூன்று பொருளும் அவர் கையில் இருந்தன; எது விலைபோகும் என்பதுதான் பிடிபடவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

சரி, வேலைக்கு வருகிறேன். துப்பாக்கிக் குழலுக்குக் காலண்டர் அட்டையைச் சுருட்டினால் போதும். வெளிச்சத்துக்கு டார்ச் இருக்கிறது. வீட்டில் யாரும் கரியை டின்னில் போட்டுச் சூடாக்கிப் பார்க்க வேண்டாம். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. குதிரைப்படைச் சீருடைக்குப் பழைய சிவப்புச் சட்டை இருந்தால் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்